கொதிக்க வைத்தாலும் போகாத புளோரைடு: போர் தண்ணீரை குடிக்கும் நீராக்குவது எப்படி? பில்டருக்குள் நடப்பது என்ன?

தர்மபுரி:

பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். வாடை கிடையாது. குடித்தால் இளநீர் மாதிரி கூட இருக்கும். ஆனால் அதே தண்ணீரை 5 வயது பிள்ளை 2, 3 வருஷம் குடித்தால் புதிதாக முளைக்கும் பல்லில் காவி ஏறும். 40 வயதுக்காரர் தொடர்ந்து பல வருஷம் குடித்தால் முட்டி மடங்காது, இடுப்பு வளையாது. இதற்கு காரணம் தண்ணீரில் கரைந்திருக்கும் புளோரைடு என்ற உப்பு.

தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்ட மக்களுக்கு இது புது விஷயம் இல்லை. பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் பல ஊர்களில் ஒரு தலைமுறையே கறை படிந்த பல்லோடு வளர்ந்திருக்கிறது. பெண் பார்க்க போகும் இடத்தில் வாயை பொத்திக்கொண்டு சிரிக்கும் நிலைமை, பட்டவர்களுக்குத்தான் தெரியும். பேஸ்டை மாற்றினாலும் போகாது, உப்பு, கரி போட்டு தேய்த்தாலும் போகாது. ஏனென்றால் அது வெளியில் ஒட்டிய அழுக்கு இல்லை. பல் உருவாகும்போதே உள்ளுக்குள் விழுந்த கறை.

இந்த உப்பை தண்ணீரில் இருந்து பிரித்து எடுக்க முடியுமா? முடியும். அதற்கென்றே சில பொருட்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றை வாங்கி மாட்டிவிட்டு மறந்துவிட்டால், பில்டர் இருக்கிறது என்ற நம்பிக்கையில் பழையபடி அதே தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டு இருப்போம். பல இடங்களில் கதை இப்படித்தான் முடிந்திருக்கிறது.

பாறையில் இருந்து வருகிறது

புளோரைடை யாரும் கொண்டுவந்து கொட்டவில்லை. இந்த பகுதியின் பாறைகளிலேயே புளோரைடு கலந்த கனிமங்கள் இருக்கின்றன. மழை தண்ணீர் பாறை இடுக்கில் இறங்கி, வருஷக்கணக்கில் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அதை கரைத்து எடுக்கிறது. சோடா உப்பு அதிகமாகவும் சுண்ணாம்பு சத்து குறைவாகவும் உள்ள தண்ணீரில் புளோரைடு இன்னும் சுலபமாக கரையும்.

அந்த காலத்தில் 30 அடி, 40 அடி கிணறு. வருஷா வருஷம் மழையில் புது தண்ணீர் சேரும். இப்போது 800 அடி, 1,000 அடி என்று போர் போடுகிறோம். ஆழத்தில் இருப்பது பாறையோடு பல காலம் ஊறிக்கிடந்த தண்ணீர். அதனால்தான் கிணற்று தண்ணீர் குடித்த தாத்தாவுக்கு வராத கறை, போர் தண்ணீர் குடித்த பேரனுக்கு வருகிறது. ஒரே தெருவில் ஒரு போரில் அதிகமாகவும் பக்கத்து போரில் குறைவாகவும் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் டெஸ்ட் செய்து நன்றாக இருக்கிறது என்பதால் நம் வீட்டு போரும் நல்லது என்று சொல்லிவிட முடியாது.

எவ்வளவு இருந்தால் ஆபத்து?

இந்திய தர நிர்ணயத்தின்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லி கிராம் வரை புளோரைடு இருக்கலாம். வேறு தண்ணீருக்கு வழியே இல்லை என்றால் 1.5 மில்லி கிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவும் 1.5 தான்.

இது எவ்வளவு சின்ன அளவு தெரியுமா? மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியில் ஒன்றரை கிராம். கால் டீஸ்பூன் உப்புதான். தொட்டி முழுவதற்கும் அவ்வளவுதான் எல்லை. அதற்கு மேல் அரை டீஸ்பூன், ஒரு டீஸ்பூன் என்று போனால் உடம்புக்கு கேடு. நாக்குக்கு எப்படி தெரியும்?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு பெரிய ஆள் ஒரு நாளைக்கு 2 லிட்டர் தண்ணீர் குடிப்பார் என்று வைத்துத்தான் பொதுவாக இப்படிப்பட்ட அளவுகளை போடுகிறார்கள். ஆபீசில் மின்விசிறிக்கு கீழே உட்கார்ந்திருப்பவருக்கு அது சரி. சித்தாள் வேலைக்கு போகிறவர், செங்கல் சூளையில் நிற்பவர், சித்திரை வெயிலில் களை எடுப்பவர் எல்லாம் 2 லிட்டரோடு நிறுத்துவார்களா? 5 லிட்டர் குடிப்பார்கள். லிட்டருக்கு 1.5 என்றாலும் முதல் ஆளுக்கு 3 மில்லி கிராம் போகிறது, வெயிலில் நிற்பவருக்கு ஏழரை மில்லி கிராம் போகிறது. உழைக்கிற உடம்புக்குத்தான் இந்த தண்ணீர் அதிகமாக கேடு செய்கிறது.

உடம்புக்குள் போன புளோரைடில் ஒரு பகுதி சிறுநீரில் போய்விடும். மீதி எலும்பிலும் பல்லிலும் போய் உட்காரும். எலும்பு கெட்டிப்பட்டு, மூட்டுகளை சேர்க்கும் தசைநார்களிலும் சுண்ணாம்பு படிய ஆரம்பிக்கும். முதலில் வெறும் மூட்டு வலி, முதுகு வலிதான். வயசாகிவிட்டது, வாயு பிடித்திருக்கிறது என்று மாத்திரையை போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு கழுத்தை திருப்ப முடியாது. கடைசியில் கூன் விழும். இந்த கட்டத்துக்கு வந்துவிட்டால் திருப்பி சரி செய்ய மருந்து கிடையாது.

முகாம்களில் 3 எளிய சோதனைகளை செய்ய சொல்வார்கள். முட்டியை மடக்காமல் குனிந்து கால் விரலை தொடுவது. தாடையை நெஞ்சில் படும்படி குனிப்பது. இரண்டு கையையும் தலைக்கு பின்னால் கொண்டுபோவது. இவற்றை செய்ய முடியாத எல்லோருக்கும் புளோரைடு பாதிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் புளோரைடு ஊர்க்காரர்கள் முடியவில்லை என்றால் அரசு ஆஸ்பத்திரிக்கு போய் காட்டுவது நல்லது. மத்திய அரசின் புளோரோசிஸ் தடுப்பு திட்டம் 2008-09ல் தொடங்கப்பட்டது. தர்மபுரி மாவட்டமும் அதில் சேர்க்கப்பட்டது.

கிண்டியில் கண்டுபிடித்தது

இந்தியாவில் இந்த நோயை முதலில் எழுதி வைத்தவர்கள் சென்னைக்காரர்கள் என்பது பலருக்கு தெரியாது. 1937-ல் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டை சேர்ந்த ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர் அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்தில் ஆய்வு செய்தார்கள். அங்கே நடமாட முடியாமல் விறைத்துப்போன மக்களுக்கு வந்திருப்பது வாதம் அல்ல, குடிக்கும் தண்ணீரில் உள்ள புளோரைடால் வந்தது என்று எழுதினார்கள். 80 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

கொதிக்க வெச்சு குடிச்சா போதாதா?

எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். போதாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். புளோரைடு கிருமி இல்லை, உப்பு. தண்ணீர் ஆவியாக போகும், உப்பு சட்டியிலேயே நிற்கும். 2 லிட்டர் தண்ணீரை ஒன்றரை லிட்டராக சுண்டும் வரை கொதிக்க விட்டால், புளோரைடின் அடர்த்தி முன்பு இருந்ததைவிட கூடத்தான் செய்யும்.

வெள்ளை துணியில் வடிகட்டினாலும் போகாது. கடையில் விற்கும் சாதாரண கேண்டில் பில்டர், குழாயில் மாட்டும் சின்ன கரி பில்டர் எல்லாம் தூசியையும் வாடையையும் பிடிக்கும். புளோரைடை பெரிதாக பிடிக்காது. புற ஊதா விளக்கு வைத்த மெஷினும் கிருமிக்குத்தான். மண்பானை தண்ணீரை குளிர வைக்கும், புளோரைடுக்கு அது தீர்வு இல்லை.

கரைந்திருக்கும் உப்பை பிடிக்க, அந்த உப்பை தன் மேல் ஒட்ட வைத்துக்கொள்ளும் பொருள் வேண்டும். அப்படி நம் நாட்டில் அதிகம் பேசப்பட்டவை இரண்டு. ஒன்று படிகாரம். இன்னொன்று ஆக்டிவேட்டட் அலுமினா.

படிகாரமும் சுண்ணாம்பும்

படிகாரம் என்றதும் சலூனில் ஷேவிங் முடிந்து தேய்க்கும் கட்டிதான் ஞாபகம் வரும். கலங்கிய ஆற்று தண்ணீரை தெளிய வைக்க போடுவதும் அந்த வகைதான். நாக்பூரில் உள்ள நீரி என்ற மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனம், 1970-களில் இதை வைத்தே புளோரைடை எடுக்கும் முறையை உருவாக்கியது. ஆந்திராவில் அதிக பாதிப்பு இருந்த நலகொண்டா மாவட்டத்தின் பெயரால் அது நலகொண்டா முறை என்று அழைக்கப்படுகிறது.

செய்முறை சுலபம். தண்ணீரில் கொஞ்சம் சுண்ணாம்பு, கொஞ்சம் பிளீச்சிங் பவுடர், அளவான படிகாரம் போட்டு கலக்க வேண்டும். படிகார எடையில் 20-ல் ஒரு பங்கு சுண்ணாம்பு போதும். 10 நிமிஷம் நன்றாக கலக்கினால் தண்ணீரில் பஞ்சு பஞ்சாக வெள்ளை திரள் உண்டாகும். புளோரைடு அதில் ஒட்டிக்கொள்ளும். ஒரு மணி நேரம் ஆடாமல் அசையாமல் வைத்தால் திரள் அடியில் படியும். மேலே தெளிந்த தண்ணீரை எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு என்றால் 40 லிட்டர் பக்கெட் போதும். குழாயை பக்கெட்டின் அடியில் வைக்காமல் கொஞ்சம் மேலே தள்ளி பொருத்த வேண்டும். அடியில் வைத்தால் படிந்த சகதியும் சேர்ந்து வந்துவிடும்.

செலவு குறைவு, கரண்ட் வேண்டாம், பொருள் எல்லா ஊரிலும் கிடைக்கும். அப்புறம் ஏன் வீட்டுக்கு வீடு பரவவில்லை? தினமும் செய்ய வேண்டும், அதுதான் முதல் காரணம். காலையில் வேலைக்கு ஓடும் வீட்டில் யார் தினமும் அளந்து போட்டு, கலக்கி, ஒரு மணி நேரம் காத்திருப்பார்கள்? இரண்டாவது, படிகாரத்தின் அளவு தண்ணீருக்கு தண்ணீர் மாறும். எவ்வளவு புளோரைடு, எவ்வளவு காரத்தன்மை என்று பார்த்து அளவை முடிவு செய்ய வேண்டும். குறைத்து போட்டால் புளோரைடு போகாது. கூட போட்டால் தண்ணீர் துவர்க்கும், அலுமினியமும் சல்பேட் உப்பும் மிச்சமாகும். ஏற்கனவே உப்பு அதிகம் உள்ள சவர் தண்ணீருக்கு இந்த முறை ஒத்து வராது. ஆள் வைத்து நடத்தும் ஊர் பொது தொட்டிக்கு சரி, தனி வீட்டுக்கு கஷ்டம்தான்.

கடுகு சைஸ் துகள்

ஆக்டிவேட்டட் அலுமினா என்பது வெள்ளை நிறத்தில், ரவைக்கும் கடுகுக்கும் இடைப்பட்ட சைசில் இருக்கும் துகள். அலுமினியத்தின் ஹைட்ராக்சைடை பக்குவமாக சூடாக்கி தயாரிப்பது. வெளியே பார்த்தால் மணல் மாதிரி. உள்ளே கண்ணுக்கு தெரியாத கோடிக்கணக்கான ஓட்டைகள். ஒரு கிராம் துகளில் உள்ள ஓட்டைகளின் உள்சுவரை எல்லாம் பிரித்து விரித்தால் 200 சதுர மீட்டருக்கு மேல் வரும். ஒரு வாலிபால் கோர்ட் 162 சதுர மீட்டர்தான். விரல் நுனியில் அள்ளும் துகளுக்குள் அதைவிட பெரிய இடம் இருக்கிறது.

அந்த இடம் முழுக்க புளோரைடு வந்து ஒட்டுவதற்கான சீட்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெப்போவில் இருந்து கிளம்பும் காலி பஸ் மாதிரி. தண்ணீர் துகள்களுக்கு நடுவே மெதுவாக இறங்கும்போது புளோரைடு ஒவ்வொன்றாக சீட் பிடித்து உட்காரும். தண்ணீர் மட்டும் கீழே இறங்கும்.

1990-களில் யுனிசெப் உதவியோடு கான்பூர் ஐ.ஐ.டி. இதற்காக வீட்டு பில்டரை வடிவமைத்தது. ராஜஸ்தானிலும் ஆந்திராவிலும் கிராமங்களுக்கு அது கொடுக்கப்பட்டது. பார்க்க சாதாரண கேண்டில் பில்டர் போலவே இருக்கும். மேல் அடுக்கில் சுமார் 3 கிலோ துகள், கீழ் அடுக்கில் சுத்தமான தண்ணீர். மணிக்கு சுமார் 10 லிட்டர்தான் இறங்கும்படி செய்திருந்தார்கள். அவசரப்பட்டு ஓட்டையை பெரிதாக்கினால் வேலைக்கு ஆகாது. தண்ணீருக்கும் துகளுக்கும் பழக நேரம் கொடுத்தால்தான் புளோரைடு ஒட்டும்.

சீட் நிரம்பினால்?

இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். சீட் எல்லாம் நிரம்பிய பிறகு ஏறும் புளோரைடுக்கு உட்கார இடம் இல்லை. தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கி டம்ளருக்கு வந்துவிடும். இது ஒரே நாளில் நடக்காது. கொஞ்சம் கொஞ்சமாக கூடும். தண்ணீரின் நிறம் மாறாது, ருசி மாறாது, பில்டர் அடைக்காது. வழக்கம்போல் மணிக்கு 10 லிட்டர் இறங்கிக்கொண்டே இருக்கும். கேண்டில் பில்டராவது அழுக்கேறி அடைத்துக்கொண்டு நம்மை உஷார்படுத்தும். இது அப்படி எந்த அடையாளமும் காட்டாது.

ஒரு கணக்கு போட்டு பார்க்கலாம். ஒரு கிலோ துகள் ஒன்றரை கிராம் புளோரைடை பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 3 கிலோவுக்கு நாலரை கிராம். போர் தண்ணீரில் லிட்டருக்கு 4 மில்லி கிராம் இருக்கிறது, அதை 1 ஆக குறைக்க வேண்டும். ஒவ்வொரு லிட்டரிலும் 3 மில்லி கிராம் எடுக்க வேண்டும். அப்படி என்றால் 1,500 லிட்டர் வரை தாங்கும். 15 லிட்டர் குடத்தில் 100 குடம். தினமும் 20 லிட்டர் செலவு செய்யும் வீட்டுக்கு 75 நாள்.

அதே பில்டர் 8 மில்லி கிராம் உள்ள ஊரில் எத்தனை நாள் வரும்? 32 நாள்தான். இதனால்தான் ஒரே கம்பெனி பில்டர் ஒரு ஊரில் நன்றாக வேலை செய்ததாகவும் இன்னொரு ஊரில் வேஸ்ட் என்றும் பேச்சு வருகிறது. தண்ணீரின் காரத்தன்மையும் இதில் விளையாடும். அலுமினாவுக்கு லேசான புளிப்பு பக்கம் உள்ள தண்ணீர்தான் பிடிக்கும். பி.எச். 5.5-ல் இருந்து 6.5-க்குள் இருந்தால் நன்றாக பிடிக்கும். நம் போர் தண்ணீர் பெரும்பாலும் 7-க்கு மேல், 8-ஐ கூட தாண்டும். சோடா உப்பும் மணலில் இருந்து கரையும் சிலிக்காவும் போட்டிக்கு வந்து சீட்டை பிடித்துக்கொள்ளும். பாக்கெட்டில் அச்சடித்த அளவு வேறு, நம் வீட்டில் கிடைக்கும் அளவு வேறு.

நிரம்பிய துகளை தூக்கி எறிய வேண்டியதில்லை. காஸ்டிக் சோடா கரைசலில் ஊற வைத்தால் ஒட்டிய புளோரைடு இறங்கிவிடும். பிறகு நன்றாக அலசி, லேசான அமிலத்தில் நனைத்து, மறுபடியும் அலசினால் பழையபடி காலி பஸ். ஒன்றரை முதல் 3 மாதத்துக்கு ஒரு முறை இதை செய்ய வேண்டும் என்பது அந்த வீட்டு பில்டருக்கான கணக்கு. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் துகள் கரைந்து வீணாகும், பிடிக்கும் சக்தியும் கொஞ்சம் குறையும். சில தடவைக்கு பிறகு புதுசு போட வேண்டும்.

காஸ்டிக் சோடாவும் அமிலமும் குழந்தைகள் நடமாடும் வீட்டில் வைத்து விளையாடும் பொருள் இல்லை. கையில் பட்டால் தோல் வெந்துபோகும், கண்ணில் பட்டால் பார்வை போகும். ஊருக்கு ஒரு பொது இடம், பயிற்சி பெற்ற ஒருவர், கையுறை, கண்ணாடி என்று ஏற்பாடு இருந்தால்தான் இது நடக்கும். பில்டரை இலவசமாக கொடுப்பதற்கு விழா எடுக்க ஆள் இருக்கிறது. 3 மாதம் கழித்து துகளை கழுவிக்கொடுக்க ஆள் இருக்கிறதா என்பதில்தான் திட்டம் நிற்பதும் படுப்பதும்.

கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றுவது என்பது அடுத்த பிரச்சினை. நூறு குடம் தண்ணீரில் இருந்த புளோரைடு மொத்தமும் அந்த ஒரு பக்கெட்டில் இருக்கிறது. அதை கிணற்று மேட்டிலோ, மாட்டு தொட்டி பக்கமோ, வாழை மரத்துக்கோ ஊற்றக்கூடாது. நலகொண்டா முறையில் அடியில் படியும் சகதிக்கும் இதே விதிதான்.

எலும்புக்கரி, செங்கல்

வெளிநாடுகளில் வேறு பொருட்களையும் பயன்படுத்துகிறார்கள். கென்யா, தான்சானியா, தாய்லாந்து ஆகிய நாடுகளில் மாட்டு எலும்பை கரியாக்கி பில்டரில் போடுகிறார்கள். புளோரைடு எலும்பை தேடிப்போய் ஒட்டும் என்பதுதானே நோய்க்கே காரணம்? நம் எலும்பில் ஒட்டுவதற்கு முன்னால் மாட்டு எலும்பில் ஒட்ட வைத்துவிடுகிறார்கள். நன்றாக வேலை செய்யும். சரியான சூட்டில் சுடாவிட்டால் தண்ணீரில் வாடை வரும். எலும்பு வழியாக வந்த தண்ணீரை குடிக்க நம் ஊரில் பலர் சம்மதிக்க மாட்டார்கள் என்பதால் இங்கே எடுபடவில்லை.

இலங்கையில் செங்கல்லை பயன்படுத்தினார்கள். புதிதாக சுட்ட செங்கல்லை உடைத்து, அதன் மேல் கொட்டாங்குச்சி கரி, கூழாங்கல் போட்டு, தண்ணீரை கீழிருந்து மேலே ஏற்றினார்கள். பிடிக்கும் சக்தி அலுமினாவைவிட குறைவு. ஆனால் செங்கல் உள்ளூரில் கிடைக்கும், தீர்ந்ததும் மாற்றிக்கொள்ளலாம். எல்லா செங்கல்லும் ஒரே மாதிரி பிடிக்காது என்பதால் டெஸ்ட் செய்யாமல் நம் இஷ்டத்துக்கு செய்து பார்ப்பது சரி இல்லை.

ஆர்.ஓ. வாங்கினால் தீர்ந்ததா?

இன்று பெரும்பாலான வீடுகளில் முதலில் ஞாபகம் வருவது ஆர்.ஓ. மெஷின்தான். இது ஒட்ட வைக்கும் முறை இல்லை. மிக நுண்ணிய சவ்வு வழியாக தண்ணீரை அழுத்தி தள்ளும் முறை. புளோரைடு உட்பட உப்புகளில் பெரும்பகுதி வெளியே நின்றுவிடும். நன்றாக பராமரித்தால் புளோரைடுக்கு நல்ல தீர்வுதான், சந்தேகம் இல்லை.

ஆனால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு 2, 3 லிட்டர் தண்ணீர் கழிவாக போகும். கோடையில் குடத்துக்கு அலையும் ஊரில் இது சின்ன விஷயமா? கழிவு தண்ணீரில் புளோரைடு முன்பைவிட அதிகம் இருக்கும். பாத்திரம் கழுவலாம், வீடு துடைக்கலாம், மாட்டுக்கு வைக்கக்கூடாது. சவ்வு பழசாகிவிட்டால் இங்கேயும் அதே கதை, தண்ணீர் வரும், உப்பும் சேர்ந்து வரும். பஞ்சாயத்து ஆர்.ஓ. பிளான்ட்டாக இருந்தாலும் கடைசியாக எப்போது சவ்வு மாற்றினார்கள், எப்போது தண்ணீரை டெஸ்ட் செய்தார்கள் என்று கேட்க மக்களுக்கு உரிமை உண்டு. கேன் தண்ணீர் வாங்குபவர்கள் மூடியில் சீல், லேபிளில் உரிம எண், தயாரித்த தேதி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். எந்த லேபிளும் இல்லாத கேனுக்குள் எந்த போர் தண்ணீர் இருக்கிறது என்று யாருக்கு தெரியும்?

ஒகேனக்கல் தண்ணீர்

இத்தனை பொருளும் இத்தனை மெஷினும் வேண்டாம், புளோரைடு குறைந்த ஆற்று தண்ணீரையே கொண்டுவந்து கொடுத்துவிடலாம் என்பதுதான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் மற்றும் புளோரோசிஸ் பாதிப்பு குறைப்பு திட்டம். ஜப்பான் நிறுவனத்தின் கடன் உதவியோடு 1,928 கோடியே 80 லட்சம் ரூபாயில் தீட்டப்பட்டது. 2008-ல் முதல்வராக இருந்த கருணாநிதி அடிக்கல் நாட்டினார். கர்நாடகாவில் எதிர்ப்பு கிளம்பி அந்த வருஷம் பெரிய பிரச்சினையானது நினைவிருக்கும். 2013 மே மாதம் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு காவிரி தண்ணீர் வந்தது. நலகொண்டா மாவட்டமும் தெலுங்கானாவின் மிஷன் பகீரதா திட்டத்தில் ஆற்று தண்ணீருக்கு மாறியது. படிகார முறைக்கு பெயர் கொடுத்த ஊரே கடைசியில் ஆற்றைத்தான் நம்பியது.

ஆனால் ஆற்று தண்ணீர் வந்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று இருந்துவிட முடியாது. குழாய் உடைந்தாலோ, கரண்ட் இல்லாமல் பம்பிங் நின்றாலோ அந்த நாட்களில் ஊர் பழையபடி போருக்குத்தான் போகும். தண்ணீர் பற்றவில்லை என்று மேல்நிலை தொட்டியில் போர் தண்ணீரையும் சேர்த்து ஏற்றினால் என்ன ஆகும்? ஆற்று தண்ணீரில் 0.4, போரில் 3 மில்லி கிராம் என்று வைத்துக்கொண்டு பாதிக்கு பாதி கலந்தால் 1.7 வரும். எல்லையை தாண்டிவிட்டது. கால் பங்கு மட்டும் போர் தண்ணீர் கலந்தால் 1.05. அளந்து கலந்தால் தாங்கும், கண்ணை மூடிக்கொண்டு கலந்தால் தாங்காது. தொட்டிக்கு மேலே ஏறும் இரண்டு குழாயில் எந்த குழாய் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பது டேங்க் ஆபரேட்டருக்குத்தான் வெளிச்சம்.

வீட்டில் குழாய் தண்ணீர் குடித்துவிட்டு பகல் முழுக்க தோட்டத்து போரில் குடிப்பவர்களுக்கும் பாதிப்பு தொடரும். பாட்டிலில் வீட்டு தண்ணீரை எடுத்துக்கொண்டு போவது ஒன்றுதான் வழி.

யாருக்கு முதலில்?

நல்ல தண்ணீர் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் முதலில் 8 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு கொடுக்க வேண்டும். அந்த வயதுக்குள்தான் வெளியே தெரியும் நிலையான பற்கள் ஈறுக்குள் உருவாகின்றன. பால் பவுடர் கரைத்து கொடுக்கும் கைக்குழந்தைக்கு எந்த தண்ணீரில் கரைக்கிறோம் என்பது ரொம்ப முக்கியம். கர்ப்பிணிகளும் கிட்னி பிரச்சினை உள்ளவர்களும் அடுத்து. கிட்னி சரியாக வேலை செய்யாவிட்டால் புளோரைடு வெளியே போகாமல் உடம்பிலேயே தங்கும்.

குடிக்க மட்டும் இல்லாமல் சமையலுக்கும் நல்ல தண்ணீர்தான் வேண்டும். போர் தண்ணீரில் சோறு வடித்தால் அரிசி அந்த தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். குழம்பு, ரசம், டீ எல்லாவற்றிலும் இதுதான். டீத்தூளிலேயே புளோரைடு உண்டு என்பதால், புளோரைடு ஊரில் ஒரு நாளைக்கு 5, 6 டீ குடிப்பவர்கள் குறைத்துக்கொள்ளலாம். குளிக்க, துவைக்க போர் தண்ணீர் போதும். தோல் வழியாக புளோரைடு ஏறாது. அதற்காக ஆர்.ஓ. தண்ணீரை வீணாக்க வேண்டாம்.

பால், மோர், கேழ்வரகு, கீரை போன்ற சுண்ணாம்பு சத்துள்ள சாப்பாடும், நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை போன்றவையும் பாதிப்பை ஓரளவு குறைக்கும். சத்து இல்லாத உடம்பில் புளோரைடு வேகமாக வேலையை காட்டும். கேழ்வரகு விளையும் மாவட்டத்தில் களியை விட்டு முழுக்க ரேஷன் அரிசிக்கு மாறியதும் ஒரு குறைதான்.

மழை தண்ணீரில் புளோரைடு கிட்டத்தட்ட இல்லை. கூரையில் விழும் முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்த மழையை சுத்தமான மூடிய தொட்டியில் பிடித்தால் பிள்ளைகளுக்காவது சில மாதம் வரும். இதை கொதிக்க வைத்து குடிக்கலாம்.

எங்கே டெஸ்ட் செய்வது?

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் தண்ணீர் பரிசோதனை கூடங்கள் இருக்கின்றன. சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் 2, 3 முறை அலசிவிட்டு, போர் மோட்டாரை 5, 10 நிமிஷம் ஓட விட்ட பிறகு பிடித்து கொண்டுபோய் கொடுக்கலாம். புளோரைடு பார்க்க வேண்டும் என்று தனியாக சொல்லி கேட்பது நல்லது. 2019-ல் தொடங்கிய ஜல்ஜீவன் திட்டத்தில் ஊராட்சிகளில் பெண்களுக்கு பயிற்சி தந்து தண்ணீர் சோதனை பெட்டியும் கொடுக்க ஏற்பாடு செய்யப்பட்டது. அதில் புளோரைடுக்கான மருந்தும் உண்டு. தண்ணீரில் சொட்டு விட்டால் சிவப்பு, பிங்க் பக்கம் இருந்த நிறம் புளோரைடு கூட கூட மஞ்சளுக்கு மாறும். கூடவே உள்ள கலர் அட்டையோடு வைத்து பார்த்தால் அளவு தெரியும்.

வீட்டில் பில்டர் வைத்திருப்பவர்கள் போர் தண்ணீரை மட்டும் டெஸ்ட் செய்தால் போதாது. பில்டரில் இருந்து இறங்கும் தண்ணீரையும் மாதம் ஒரு முறை தனி பாட்டிலில் பிடித்து டெஸ்ட் செய்ய வேண்டும். காலண்டரில் எத்தனை குடம் ஊற்றினோம் என்று கோடு போட்டு வைப்பதும் உதவும். பில்டர் விற்க வருபவரிடம் 3 கேள்வி கேளுங்கள். எங்கள் ஊர் தண்ணீருக்கு இது எத்தனை குடம் தாங்கும்? தீர்ந்த துகளை யார் வந்து, எங்கே கழுவித்தருவார்கள்? அதற்கு எவ்வளவு பணம்? பதில் வரவில்லை என்றால், அந்த பணத்துக்கு முதலில் தண்ணீரை டெஸ்ட் செய்துவிட்டு பிறகு பார்க்கலாம்.